ஒரு பெட்டி, நாலு பேர்

வாசகசாலைக்கோ சின்னப் பள்ளிக்கோ கம்ப்யூட்டர் வாங்கும்போது தலைக்கு ஒன்று என்றே கணக்குப் போடுகிறார்கள். நாலு பேர் உட்கார நாலு பெட்டி, நாலு யூபிஎஸ். இது வீண் செலவு என்பது என் கட்சி.

ஒரே பெட்டியில் நாலு மானிட்டர், நாலு கீபோர்டு, நாலு மவுஸ் மாட்டினால் நாலு பேரும் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை பார்க்கலாம். மல்டிசீட் என்பார்கள். லினக்ஸில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, காசு தர வேண்டாம். ஆளுக்கு ஒரு டிஸ்ப்ளே கார்டு, ஒரு யூஎஸ்பி ஹப். எது யாருக்கு என்று ஒரு தடவை பிரித்துவிட வேண்டும். மதர்போர்டில் அத்தனை ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். நாம் ஒரு எழுத்தைத் தட்டி அடுத்ததைத் தேடுவதற்குள் பெட்டி எத்தனையோ வேலை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா நேரத்தைத்தான் பங்கு போடுகிறோம்.

நமக்கு இது புதிதா என்ன? தொண்ணூறுகளில் வங்கிகளில் யூனிக்ஸ் ஓடும் ஒரு பெட்டி உள்ளறையில் ஏசியில் இருக்கும். கவுண்டர்களில் வெறும் டெர்மினல்கள், பச்சை எழுத்து. (ஏசி பெட்டிக்குத்தான், நமக்கு ஃபேன்.) பிரேசிலில் பரானா மாநிலத்தில் ஒரு பெட்டிக்கு நாலு மாணவர் என்று 2000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் லினக்ஸில் வைத்தார்கள்.

நம் பக்கத்துக்குக் கரண்ட் கணக்கும் முக்கியம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு கடலூரைச் சுற்றிய கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். அப்படிப்பட்ட நாளில் நாலு பெட்டியை ஓட்டுவதும் ஒரு பெட்டியை ஓட்டுவதும் ஒன்றல்ல.

சிதம்பரத்தில் என் நண்பர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டி படுத்தால் நாலு பிள்ளையும் சும்மா உட்காரணும். அதோட, ஏழைப் பிள்ளைக்கு இன்னமும் பங்குதானா சார்?" என்றார்.

முதல் கேள்வி நியாயம். அதனால்தான் நாலு பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு வாங்கச் சொல்கிறேன். ஒன்று ஓடும், ஒன்று மாற்றுக்கு. இரண்டாவது கேள்வி கொஞ்சம் தைத்தது. ஆனால் 2011-லிருந்து அரசு பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்தது அவரவர் வீட்டுக்கு. வாசகசாலை விஷயம் வேறு. அங்கே பேப்பரையே தாள் தாளாகப் பிரித்துத்தானே நாலு பேர் படிக்கிறோம்? அதை யாரும் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பதில்லை. வீடியோ எடிட்டிங் படிக்கிற பிள்ளைக்கு இது ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் டைப்பிங், தேர்வு விண்ணப்பம், ஈமெயில் இதற்கெல்லாம் தாராளம்.

கெட்டால் பார்க்கத் தெரிந்த ஆள் உள்ளூரில் ஒருவராவது வேண்டும். பணம் மிச்சமானால் அதற்குச் செலவழியுங்கள். நம்மூர்ப் பாலிடெக்னிக் பையன்கள் இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.