போன் யார் கையில்?

எங்கள் பகுதியில் ஒரு பெண்பிள்ளைக்கு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுப்பதென்றால் வீட்டில் எல்லோரும் கூடித்தான் தீர்மானிப்பார்கள். சாதாரண தரம் முடியட்டும் என்பார்கள், பிறகு உயர்தரம் முடியட்டும் என்பார்கள். கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வரத் தொடங்கியபோதுதான் பல வீடுகளில் அந்தத் தடை தளர்ந்தது. அப்போதும் அநேகமாக அது உம்மாவின் போன். பாடம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தக் கவலையை நான் குறை சொல்ல வரவில்லை. முகம் தெரியாதவர்களின் பேச்சும் களவாக எடுக்கப்படும் படங்களும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே பாழாக்கும் என்று பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. என்னுடைய கேள்வி வேறு. போனால் எங்கள் சமூகத்துக்கு நேர்ந்த பெரிய தீங்கு எந்தப் பாடசாலைப் பிள்ளையின் கையிலிருந்து வந்தது?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவை நினைத்துப் பாருங்கள். அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்ததாம். “மலட்டு மாத்திரை போட்டாயா?” என்று கடையில் நின்றவரைச் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அவர் பயத்தில் ஆம் என்று சொல்லிவிட்டார். அதைப் போனில் பதிவு செய்தார்கள். அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. காணொளி நாடு முழுவதும் பரவியது. சில நாட்களில், கண்டி மாவட்டத்தில் வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்துபோக, திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் முடக்கியது.

அந்தக் கட்டி வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்றே இல்லை என வைத்தியர்களும் விளக்கினார்கள். அந்த அறிக்கையை எத்தனை பேர் மற்றவர்களுக்கு அனுப்பியிருப்பார்கள்? பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்பதற்கு 2020 மே மாதம்வரை எடுத்தது.

இப்படி அடி வாங்கிய நாங்கள் எப்படி நடக்கிறோம்? “கடல் உள்ளுக்கு வாங்குதாம்” என்று பெயரில்லாத ஒரு குரல் வந்தால், 2004 சுனாமியில் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த இந்தக் கரையில் அது எத்தனை நெஞ்சைப் பதறவைக்கும்! 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்து உண்மையாகவே எச்சரிக்கை விடப்பட்டது. அன்று ஓடியது சரிதான், அலை பெரிதாக வராவிட்டாலும். ஆனால் ஒவ்வொரு பொய்க் குரலும் அடுத்த உண்மை எச்சரிக்கையின் மேலுள்ள நம்பிக்கையைத் தின்றுவிடுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதற்கு அழைத்துக் கேட்க ஒரு நிமிடம் போதும். அனுப்புகிறவர்கள் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிப்பதில்லை. 2019 ஜனவரியில் ஒரு தகவலை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப்பே வேலி போட்டது. வேலி போட்டால் என்ன, ஐந்தைந்தாக அனுப்ப எங்களுக்குப் பொறுமை இருக்கிறது.

இப்படி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். செய்தி வந்தால் விசாரித்துத் தெளியும்படி சூறா அல்ஹுஜுராத் சொல்வதை நாங்கள் வகுப்பில் படித்துவிட்டு வருகிறோம். ஒரு படம் பழையதா, வேறு நாட்டில் எடுத்ததா என்று கூகுளில் தேடிப் பார்க்கவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் மாமா அனுப்பியதைப் பிழை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? வந்தாலும், “உனக்கென்ன புள்ள தெரியும்? முதல்ல போனை வெச்சிட்டுப் படி” என்பதுதான் பதில்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது போன் அல்ல. போனில் வந்ததைப் பற்றி வீட்டில் பேசும்போது, பிள்ளையின் சொல்லையும் ஒருதரம் கேளுங்கள். பிள்ளையின் போனைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருப்பதுபோல, “இதை யார் சொன்னது?” என்று கேட்கும் உரிமை அவளுக்கும் இருக்கட்டும்.

எங்கள் குடும்பக் குறூப்பில் சென்ற வருடம் ஓர் ஒழுங்கு வைத்தோம். ஒலிப்பதிவில் பேசுகிறவர் யாரென்று அனுப்புகிறவருக்குத் தெரியாவிட்டால் அதைப் போடக்கூடாது. குறூப்பில் இப்போது சத்தம் குறைவு. மாமா ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, பெருநாளன்று திரும்பவும் வந்து சேர்ந்தார்.