மாட்டுக்குத் தெரியாது

"விழுந்த சோளனை இனி என்ன செய்யிறது? பட்டியைத் திறந்து விடு. வேண்டாததை அது தின்னாது, மாட்டுக்குத் தெரியும்." புயல் கடந்த வன்னியில் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. காட்டில் மேய்ந்து பழகிய மாடு சில நச்சுச் செடிகளை விலக்கும், உண்மைதான். ஆனால் யூரியா போட்ட சோளன் காட்டுச்செடி இல்லையே!

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது காலபோகச் சோளனுக்குப் பொத்தி முற்றியிருக்காது. இளம் பயிர் வெள்ளத்தில் நின்று, வெயிலும் காணாமல் இருந்தால், உரத்திலிருந்து உறிஞ்சிய நைத்திரேற்று அடித்தண்டில் தேங்கும். அது நாக்குக்குத் தெரியாது. வயிற்றில் நைத்திரைற்றாக மாறி இரத்தத்தை மண்ணிறமாக்கும். மூச்சுத் திணறி மாடு சில மணி நேரத்திலேயே விழலாம். காயவைத்தால் நஞ்சு போய்விடும் என்பவர்கள் இறுங்கையும் சோளனையும் குழப்புகிறார்கள். இளம் இறுங்கின் சயனைட்டு உலரக் குறையும். நைத்திரேற்று காய்ந்த சோளன் தண்டிலும் அப்படியே இருக்கும்.

தை, மாசியில் பருவம் தப்பிய மழை அடித்தாலோ கதை வேறு. மாடு முதலில் தேடுவது பொத்தியைத்தான். முற்றிய மணி வயிற்றில் விரைவாகப் புளித்து அமிலமாகும். உடம்பின் நீரை வயிறு இழுத்துக்கொள்ளும். மாடு தள்ளாடிப் படுக்கும், ஒன்றிரண்டு நாளில் சாகவும் கூடும். அது தெரிந்தா தின்றது? ருசிக்குத் தின்றது. அதற்கு எண்ணெய் பருக்கிக் காத்திருப்பார்கள். எண்ணெய் வயிற்றின் நுரையை அடக்கும், அமிலத்தை அடக்காது. கால்நடை வைத்தியரைக் கூப்பிடவேண்டிய நேரம் அதற்குள் போய்விடும்.

பூஞ்சணம் பிடித்த பொத்தியையும் அது ஒதுக்காது. அதிலுள்ள அப்லாரொக்சின் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது வீட்டுப் பிள்ளை.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அப்படி நனைந்து, மெலிந்து, பசித்து நிற்கும் பட்டிதான் வயலில் நிதானம் இழந்து தின்னும். நாம் அதனிடம்தான் பகுத்தறிவை எதிர்பார்க்கிறோம்.

பட்டிக்காரரை மட்டும் குறை சொல்லமாட்டேன். மேய்ச்சல் தரை கேட்டு அலுத்தவருக்கு விழுந்த வயல் பெரிய வரம். வரட்டும், ஆனால் பொத்தியைப் பொறுக்கிவிட்டு, வைக்கோலால் வயிற்றை நிரப்பிவிட்டு, கயிறு கட்டிப் பிரித்த துண்டில் கொஞ்ச நேரம் மட்டும் விடட்டும். உரம் ஏறிய இளம் பயிருக்குள் பசித்த மாட்டை விடவே வேண்டாம். பூஞ்சணம் கண்ட வயலுக்குப் பால் மாடு போகக்கூடாது.