ஒரே சீட்டில் எழுதுங்கள்



சென்ற மாதம் வாசகி ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பேச்சினிடையே கைப்பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே, அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட வெள்ளை மாத்திரைகள். "நாத்தனார் நர்ஸுங்க. அட்டையைப் பார்த்தா என்ன மாத்திரைன்னு கண்டுபிடிச்சுடுவாங்க" என்றார்.

மனச்சோர்வுக்காக மூன்று வாரமாகச் சாப்பிட்டு வருகிறார். தொடங்கிய நாலாம் நாளிலிருந்து நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். படுத்தால் தொண்டைவரை எதுக்களிப்பு. தெருமுனை மெடிக்கலில் 'கேஸ் மாத்திரை' கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். கடைக்காரரிடம் மனச்சோர்வு மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. மனநல மருத்துவரிடம் நெஞ்செரிச்சலைச் சொல்லவில்லை. "மனசுக்குப் போன இடத்துல வயித்தைப் பத்தி எப்படிங்க சொல்றது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம்.

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். பிள்ளை நோகடித்தால் பெற்ற வயிறு எரிகிறது என்கிறோம். மனசையும் வயிற்றையும் நம் பேச்சு எப்போதும் சேர்த்தே வைத்திருக்கிறது. உடம்பும் அப்படித்தான். மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில். செர்ட்ரலின், ஃபுளுவாக்ஸெடின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மாத்திரைகள் இந்தச் செரோடோனின்மீதுதான் வேலை செய்கின்றன. ஆகவே முதல் ஓரிரு வாரங்களில் குமட்டல், அஜீரணம், நெஞ்செரிச்சல் வரலாம். பலருக்கு உடம்பு பழகியதும் இது தணிந்துவிடும்.

அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய வகை மாத்திரைகளின் வழி வேறு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள இறுக்கத்தை இவை தளர்த்தக்கூடும். இரைப்பை காலியாவதும் தாமதப்படும். வாய் உலரும், மேலேறி வரும் அமிலத்தைக் கழுவி இறக்க வேண்டிய உமிழ்நீர் குறைந்துபோகும். இவற்றைப் பெரும்பாலும் இரவில்தான் தருகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டு, உடனே படுத்தால் எரிச்சலுக்குக் கேட்கவே வேண்டாம். ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும்கூட அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் எழுதுவதுண்டு. அது மனச்சோர்வு மருந்து என்று தெரியாமலே சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட்டுவிடவும் கூடாது. மனம் சோர்ந்திருக்கும்போது சாப்பாட்டு நேரம் தவறுகிறது, தூக்கம் கெடுகிறது, காபியே ஆகாரமாகிவிடுகிறது. பதற்றத்தில் இருப்பவருக்குக் கொஞ்ச அமிலம்கூடப் பெரிய எரிச்சலாகத் தெரியும். காரணம் எது என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை.

என்னைக் கவலைப்படுத்துபவை இரண்டு.

ஒன்று, எரிச்சல் தாங்காமல் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுவது. இந்த மருந்துகளின் பலன் தெரியச் சில வாரங்களாகும். தொந்தரவோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதனால்தான் பலர் பலனைப் பார்க்குமுன்பே கைவிடுகிறார்கள். பல நாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சலான மனநிலை, ஷாக் அடித்தாற்போன்ற உணர்வு எல்லாம் வரலாம். விட்டுப்போன சோர்வும் திரும்பி வரலாம்.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாமல் மாத்திரைகளைக் கலப்பது. ஒமெப்ரசோல், எஸோமெப்ரசோல் ஆகிய அமிலக் குறைப்பு மாத்திரைகள், சிட்டலோப்ராமும் எஸ்சிட்டலோப்ராமும் ஈரலில் சிதைவதைத் தாமதப்படுத்தி ரத்தத்தில் அவற்றின் அளவைக் கூட்டக்கூடியவை. இப்படிச் சேரும்போது சிட்டலோப்ராம் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் அறிவுறுத்தியது. செரோடோனின் வகை மாத்திரைகளோடு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகளைச் சேர்த்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது. மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ தாமதிக்காதீர்கள். வியர்வையோடு நெஞ்சுவலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், 'கேஸ்தான்' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரிடம் சொன்னால் தீர்க்க வழிகள் உண்டு. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்வார், நேரத்தை மாற்றுவார், அளவைக் குறைப்பார், வேறு மருந்து எழுதுவார். நம் பங்குக்கு, இரவுச் சாப்பாட்டை முடித்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கலாம். தலையணைகளை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவது நல்லது. இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும்.

அன்று அந்த வாசகியிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். இரண்டு மாத்திரைகளின் பெயரையும் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். மனச்சோர்வு மாத்திரையைக் காலை டிபனுக்குப் பின் போடச் சொல்லி, கேஸ் மாத்திரையையும் மருத்துவர் மாற்றிக் கொடுத்தாராம். "ரெண்டையும் ஒண்ணா எழுதிக் காட்டினது நல்லதாப்போச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றார்.

நீங்களும் எழுதுங்கள். மனசுக்கு, வயிற்றுக்கு, வலிக்கு என்று எதற்குச் சாப்பிட்டாலும் எல்லாம் ஒரே சீட்டில் இருக்கட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்தால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்