பஸ்ஸும் நம் கூலிக் கோரிக்கைதான், தோழர்களே!

பனியன் கம்பெனித் தோழர்களே!

ஒப்பந்தப் பேச்சுக்கு உட்காரும்போது பீஸ் ரேட், பஞ்சப்படி, போனஸ் என்று வைக்கிறோம். சாலை, ரயில், துறைமுகம் எல்லாம் முதலாளிகள் டெல்லிக்கு மனு கொண்டுபோகிற சமாச்சாரம் என்று இத்தனை காலம் ஒதுங்கியிருந்தோம். இனி ஒதுங்கக் கூடாது. அந்தப் பாதையில் ஏற்படும் ஒவ்வொரு தாமதமும் கடைசியில் நம் முதுகில்தான் இறங்குகிறது.

திருப்பூர் சரக்கில் பெரும்பகுதி லாரி ஏறி தூத்துக்குடி போகிறது. அங்கிருந்து சிறிய கப்பலில் கொழும்பு; கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியே தண்ணீரில் நின்றது. அதே மாதம் செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதிப் படையினரின் தாக்குதலுக்குப் பயந்து கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பா போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு வாரம் கூடுதலானது. பையர் தேதியை மாற்ற மாட்டார். தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் விலையைக் குறைக்க வேண்டும். அதனால் கடலில் இழக்கிற நாட்களை முதலாளிகள் தையல் பவர்டேபிளில் பிடிக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் விடிய விடிய நைட் வேலையாகிறது.

நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று ஒரு டி-சர்ட் ஊருக்குள்ளேயே எத்தனை வண்டி மாறுகிறது! துணிக்கு எந்த நேரமும் வண்டி உண்டு. இரவில் வேலை முடித்து, பல்லடம் பக்கமும் ஊத்துக்குளி பக்கமும் வீடு திரும்ப வேண்டிய பெண்ணுக்கு?

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம்; அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு பஸ் வந்தால்தான் அந்தச் சலுகை நம் கைக்கு வரும். பெண்களை இரவு வேலைக்கு அமர்த்தினால் வாகன வசதி தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. அது சலுகை அல்ல, நிபந்தனை. கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் கழிவறை வாசலில் உட்கார்ந்து இரண்டு நாள் பயணம் செய்து வருகிறார்கள். அவர்கள் இல்லாமல் இன்று திருப்பூரில் ஒரு ஷிப்மென்ட்கூட நகராது. பொதுப் பெட்டிகளைக் கூட்டச் சொல்வதும் நம் கோரிக்கைதான். இந்தக் கோரிக்கைக்கான துண்டறிக்கை இந்தியிலும் ஒடியாவிலும் போக வேண்டும்.

ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவுக்கு ஏற்றுமதி செய்கிற ஊர் இது. இங்கே தொழிலாளிக்கு பஸ் விடப் பணமில்லை என்று யார் சொன்னாலும் ஏற்க முடியாது. தூத்துக்குடிக்கு நல்ல சாலையும் சரக்கு ரயிலும் வரட்டும், வரவேற்போம். அதில் மிச்சமாகிற நாட்கள் நம் நைட் வேலையைக் குறைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம்.

1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர், தோழர்களே! ஷிப்ட் நேரத்துக்கு பஸ், இரவு வேலைக்கு வாகனம், ரயிலில் கூடுதல் பொதுப் பெட்டி: இந்த மூன்றும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். உங்கள் ஸ்டாப்பில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, உங்கள் கம்பெனி எத்தனை மணிக்கு விடுகிறது என்று இந்த வாரமே எழுதிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். பக்கத்து மிஷின்காரரையும் அழைத்து வாருங்கள்.