பழைய காருக்கு எந்த ஆயில்? விலையைப் பார்க்காதீங்க, டப்பாவைத் திருப்பிப் பாருங்க

நைட் ட்யூட்டி முடிஞ்சு கார் பார்க்கிங்ல நிக்கறப்ப, கூட வேலை பார்க்கிற தம்பி போனை நீட்டினார். மதுரைக்காரர், இங்கிலாந்து வந்து மூணு வருஷம் ஆகுது. "அண்ணா, 1972 மாடல் எம்ஜிபி வாங்கிட்டேன். கடையில இருக்கறதுலயே விலை கூடின ஆயிலா ஊத்தப்போறேன். 0டபிள்யூ-20, ஃபுல் சிந்தெடிக். சரிதானே?"

சரியில்ல. ஏன்னு அங்கயே குளிர்ல நின்னு அரை மணி நேரம் சொன்னேன். அதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

எம்ஜிபி தெரியாதவங்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல அபிங்டன்ங்கிற ஊர்ல 1962லேர்ந்து 1980 வரைக்கும் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். நாலு சிலிண்டர், 1798 சிசி. அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. அதனால இன்னிக்கும் பார்ட்ஸ் தாராளமா கிடைக்குது, எங்களை மாதிரி மாசச் சம்பளக்காரங்க கைக்கும் எட்டுது.

இந்த எஞ்சின்ல கேம் ஷாஃப்ட் மேல இல்ல, கீழ பிளாக்குக்குள்ள இருக்கு. கேம்ல இருக்கிற மேடு சுத்தும்போது 'டேப்பட்'ங்கிற இரும்புக் குவளையோட அடியைத் தேச்சுக்கிட்டே மேல தள்ளும். அது புஷ்ராடைத் தள்ளி வால்வைத் திறக்கும். இப்ப வர்ற பல எஞ்சின்கள்ல இந்த இடத்துல உருளை இருக்கும், உருண்டு போயிடும். இதுல உருளை கிடையாது. இரும்பு மேல இரும்பு, நேரடி உரசல். ரெண்டும் தொடற இடம் ஒரு மெல்லிய கோடுதான். வால்வு ஸ்பிரிங்கோட முழு அழுத்தமும் அந்தக் கோட்டு மேல இறங்குது.

அங்க ஆயில் படலம் நிக்காது, பிதுங்கி வெளிய போயிடும். நம்ம முழங்கால்லயும் இதே பிரச்சினை உண்டு. மூட்டுத் திரவம் மட்டும் போதாதுன்னு குருத்தெலும்பு மேல 'லூப்ரிசின்'னு ஒரு புரதம் ஒட்டிக்கிட்டு, கடைசி நேரத் தேய்மானத்தைத் தடுக்கும். எஞ்சின்ல அந்த வேலையைச் செய்யறது ஜிங்க்கும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம். மெக்கானிக்குங்க சுருக்கமா 'ஜிங்க்'னு சொல்லுவாங்க. சூடும் அழுத்தமும் பட்டா இது இரும்பு மேல கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோலா படியும். உரசும்போது அந்தத் தோல் தேயும், இரும்பு தப்பிக்கும். மறுபடி புதுத் தோல் படியும்.

சரி, அப்ப புது ஆயில்ல ஜிங்க் இல்லையா? இருக்கு, குறைவா இருக்கு. பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்டரை மெல்ல மெல்லப் பாழாக்கும். அதனால 2004ல வந்த 'ஏபிஐ எஸ்எம்' தரத்துல, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகளுக்கு பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு வெச்சாங்க. சுற்றுச்சூழலுக்கு நல்ல முடிவு. புது எஞ்சினுக்கும் ஒரு கெடுதலும் இல்ல. ஆனா 1972 எஞ்சினுக்கு இந்த விஷயம் தெரியாதே!

ஒண்ணு கவனிங்க. அந்த வரம்பு 20டபிள்யூ-50 மாதிரி தடிமனான கிரேடுகளைக் கட்டுப்படுத்தாது. 'இப்ப வர்ற எந்த ஆயில்லயும் ஜிங்க்கே இல்ல, எல்லாம் போச்சு'ன்னு பயமுறுத்தறவங்க பாதிதான் உண்மை சொல்றாங்க. மீதிப் பாதியை வெச்சு பாட்டில் விக்கறாங்க. அதுக்கு அப்புறம் வர்றேன்.

என் கதையையும் சொல்லிடறேன். முதல் எம்ஜிபி வாங்கினப்ப நானும் இந்தத் தம்பி மாதிரியேதான். விலை கூடினது நல்லதுன்னு 5டபிள்யூ-30 ஊத்தினேன். ரெண்டு கோடை ஓடுச்சு. அப்புறம் 'டிக் டிக்'னு ஒரு சத்தம், மேடு ஏறும்போது மூச்சு வாங்கல். பிரிச்சுப் பார்த்தா கேம்ல ஒரு மேடு தேஞ்சு கிட்டத்தட்ட வட்டமாயிடுச்சு. டேப்பட் அடியில குழி குழியா அரிப்பு. அந்த இரும்புத் தூள் எல்லாம் பேரிங் பக்கமும் போயிருந்துச்சு. எஞ்சினை மொத்தமா இறக்க வேண்டியதாச்சு. செலவைச் சொன்னா வீட்டுல இன்னிக்கும் சண்டை வரும்.

ஆயில்தான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. முந்தைய ஓனர் போட்ட கேமே சரியா கடினப்படுத்தாத சரக்கா இருந்திருக்கலாம், அப்படியும் மார்க்கெட்ல வந்திருக்கு. ஒரே ஒரு நோயாளியை வெச்சு மருந்தைக் குத்தம் சொல்லக்கூடாது. ஆனா தடுக்கறது இவ்வளவு சுலபமா இருக்கறப்ப நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

அடுத்து தடிமன். 20டபிள்யூ-50ல 'டபிள்யூ' வின்டரைக் குறிக்குது. முன்னாடி இருக்கிற எண் குளிர்ல எப்படி ஓடும்ங்கறது. பின்னாடி இருக்கறது 100 டிகிரி சூட்டுல எவ்வளவு தடிமன்ங்கறது. அந்தச் சூட்டுல 30 கிரேடு 9.3லேர்ந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ், 50 கிரேடு 16.3லேர்ந்து 21.9. பழைய எஞ்சின்ல பாகங்களுக்கு நடுவுல இடைவெளி அதிகம். மெல்லிய ஆயில் அதுல சீக்கிரம் வழிஞ்சுடும், சூட்டுல பிரஷர் விழும். எம்ஜிபிக்கு ஓட்டத்துல 50லேர்ந்து 80 பிஎஸ்ஐ, ஐடிலிங்ல 10லேர்ந்து 25 இருந்தா ஆரோக்கியம்.

பிரஷர்னு வந்தாச்சு, ஒரு டாக்டரா இதைச் சொல்லாம விட முடியாது. பிரஷர் வேற, ஓட்டம் வேற. காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்ணினதும் முள்ளு ஜம்முனு மேல நிக்கும். பார்க்க சந்தோஷமா இருக்கும். அப்பதான் ஆயில் கெட்டியா இருக்கு, பாகங்களுக்குப் போய்ச் சேர்றது மெதுவா இருக்கு. ரத்த ஓட்டத்துலயும் அப்படித்தான். பிபி நல்லா காட்டும், கை கால் ஜில்லுனு இருக்கும். அதனால ஸ்டார்ட் பண்ணின உடனே ஆக்சிலரேட்டரை மிதிக்காதீங்க.

இதோட மறுபக்கம்: சூட்டுல பிரஷர் விழுதுன்னு இன்னும் தடிமனான ஆயில் ஊத்தறது. இது பாராசிட்டமால் குடுத்துட்டு தெர்மாமீட்டரைப் பார்த்து 'இன்ஃபெக்ஷன் போயிடுச்சு'ன்னு சொல்ற வைத்தியம். முள்ளு ஏறும். தேஞ்ச பேரிங் தேஞ்சபடியேதான் இருக்கும். காரை விக்கறவங்க இதை வேணும்னே செய்யறதும் உண்டு, வாங்கறப்ப எஞ்சின் நல்லா சூடான பிறகு முள்ளைப் பாருங்க.

இப்ப அந்தப் பாட்டில் விஷயம். ஆயில்ல தனியா கலக்கற 'ஜிங்க் பூஸ்டர்'. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஒரு ஆயில்ல சுத்தம் பண்ற பொருள், நுரை தடுக்கற பொருள், தேய்மானம் தடுக்கற பொருள் எல்லாம் கணக்குப் போட்டுக் கலந்திருக்கும். நாம மேல ஊத்தினா கணக்கு கெடும், ஜிங்க் அளவு மீறினா அதுவே உலோகத்தை அரிக்கும். சத்து மாத்திரையைக் கைநிறைய அள்ளிப் போடற மாதிரி. சரியான ஆயிலா வாங்கிட்டா இது தேவையே இல்ல.

தம்பிக்குச் சொன்னது இதுதான். கிளாசிக் கார்களுக்குன்னே வர்ற 20டபிள்யூ-50, மினரல் ஆயில். கம்பெனி வெளியிடற டேட்டா ஷீட்ல பாஸ்பரஸ் 1,000 பிபிஎம்முக்கு மேல இருக்கான்னு பார்க்கணும். போடலேன்னா மெயில் அனுப்பிக் கேக்கணும். பதில் வரலேன்னா வேற கம்பெனி. கார் கம்மியா ஓடினாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், குளிர்காலத்துக்கு மூடி வைக்கறதுக்கு முன்னாடி. சின்னச் சின்ன ஓட்டத்துல சேர்ற ஈரமும் அமிலமும் ஆறு மாசம் பேரிங்கோட குடித்தனம் பண்ணக்கூடாது.

'கிளாசிக்னாலே 20டபிள்யூ-50'னும் எடுத்துக்காதீங்க. 1989ல வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5ம் இப்ப கிளாசிக்தான். அதுல ஹைட்ராலிக் டேப்பட். ரொம்பத் தடிமனா ஊத்தினா அதுக்குள்ள ஆயில் ஏறாம டொக் டொக்னு தட்டும். அந்தக் காரோட புத்தகம் என்ன சொல்லுதோ அதைக் கேளுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை தம்பி காரோட பழைய ஆயிலை இறக்கப்போறோம். நைட்ரைல் க்ளவுஸ் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், சிரிச்சார். லங்காஷயர் பஞ்சாலைகள்ல நூல் நூத்தவங்களுக்கு, இயந்திர எண்ணெய் ஊறின உடுப்பால விதைப்பையில தோல் புற்றுநோய் வந்தது மருத்துவப் பாடத்துல இருக்கிற விஷயம். ஓடின எஞ்சின் ஆயில்லயும் புற்றுநோய் உண்டாக்கற பொருள்கள் சேருது. எண்ணெய்த் துணியை பேன்ட் பாக்கெட்ல சொருகிக்கிற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க. இறக்கின ஆயிலை மூடி போட்ட கேன்ல பிடிச்சு கவுன்சில் ரீசைக்கிளிங் சென்டர்ல குடுத்துடுங்க, சாக்கடையில ஊத்தாதீங்க.