மிதவைகள் வீண் செலவா?

நடுக்கடலில் ஒரு மிதவையைக் கட்டி வைத்துத் தண்ணீரின் சூட்டை அளப்பதால் ஏழைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. பெரு நாட்டின் கதையைத் தெரிந்துகொண்டால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. பெருவின் தலைநகரான லிமா தெற்கே 12 டிகிரியில் இருக்கிறது. இரண்டும் கடற்கரைப் பட்டணங்கள். இரண்டின் மீதும் ஒரே சூரியன்தான் காய்கிறது. ஆயினும் சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. லிமாவில் இரண்டு சென்டிமீட்டர் பெய்தாலே அதிகம். அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மூடுபனி கவிந்திருக்கும். மழை மட்டும் வராது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கடல்தான்.

பெருவின் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரு குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. காற்று மேல் நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கிவிடுகிறது. மேலே எழும்பாத காற்று மழை தராது. எனவே கரை பாலைவனமாகிவிட்டது.

ஆனால் அதே குளிர்நீர் அடியிலிருந்து சத்துக்களைக் கொண்டு வருகிறது. அதனால் கடலில் மீன் கொழிக்கிறது. 1970-ம் ஆண்டில் மட்டும் பெருவின் மீனவர்கள் ஒரு கோடி டன்னுக்கு மேல் நெத்திலி இன மீனைப் பிடித்தார்கள்.

இந்த நீரோட்டத்தை 1802-ல் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட். அதற்கு அவர் பெயரையே உலகம் சூட்டியது. அவரோ, அந்தக் கரையின் மீனவர்களுக்கு அது எத்தனையோ காலமாகத் தெரிந்த சங்கதி என்று சொன்னார்.

மீனவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் குளிர்நீர் விலகி வெதுவெதுப்பான நீர் வந்து சேரும். குழந்தை இயேசுவை நினைத்து அதை 'எல் நினோ' என்றார்கள். அது வலுத்தால் மீன் மறையும். பாலைவனத்தில் வெள்ளம் ஓடும்.

1972-ல் அது வலுத்து வந்தது. ஏற்கனவே அளவுக்கு மீறி மீன் பிடித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து பெருவின் மீன்பிடித் தொழிலை முறித்துப் போட்டன. அதே ஆண்டில் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது.

பெரு எங்கே, இந்தியா எங்கே? ஆனால் இது தற்செயல் அல்ல.

1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய அவர் வழி தேடினார். பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால், இந்துமாக்கடல் பக்கம் இறங்குவதைக் கண்டார். தராசுத் தட்டு போன்ற இந்த ஆட்டமும் பெருவின் வெந்நீரும் ஒரே விளையாட்டின் இரு பகுதிகள் என்பதை 1969-ல் ஜேகப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி விளக்கினார்.

வழக்கமாக வெந்நீர் பசிபிக்கின் மேற்கே, இந்தோனேசியப் பக்கம் குவிந்திருக்கும். மழைக் காற்று அங்கே எழும்பும். வெந்நீர் கிழக்கே நகர்ந்தால் மழை எழும் இடமும் நகர்ந்துவிடுகிறது. அப்போது இந்தியாவின் பருவமழை பெரும்பாலும் தளர்கிறது.

இதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை கொஞ்சமல்ல. தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டன் பூட்டன் சொல்லக் கேட்ட குடும்பங்கள் உண்டு. 1876-ல் மழை தவறியது. 1877-ல் மிகக் கடுமையான எல் நினோ தோன்றி, நாடெங்கும் பருவமழை மீண்டும் பொய்த்தது. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மடிந்தார்கள். கடல் மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. தானியத்தைக் கப்பலேற்றிவிட்டு, பசித்தவனுக்குக் கூலியைக் குறைத்த ஆட்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் வரப்போவதை அறிய அன்று யாரிடமும் கருவி இல்லை.

எல் நினோ வந்தாலே பஞ்சம் என்று முடிவு கட்டுவதும் தவறு. 1997-ல் மிக வலுவான எல் நினோ வந்தும் பருவமழை குறையவில்லை. 2015-ல் தென்மேற்கு மழை குறைந்தது. வடகிழக்கு மழையோ சென்னையை வெள்ளக்காடாக்கியது. கணக்கு இவ்வளவு சிக்கலாக இருப்பதால்தான் அளவு தேவைப்படுகிறது.

1982-ல் எழுந்த பெரிய எல் நினோ உலகத்தை ஏமாற்றிவிட்டது. அது முற்றிய பிறகே விஞ்ஞானிகள் விழித்துக்கொண்டார்கள். அதன் பின் பசிபிக்கின் குறுக்கே சுமார் 70 மிதவைகள் நிறுத்தப்பட்டன; 1994-ல் வேலை முடிந்தது. 1997-ல் வெந்நீர் கிழக்கே நகர்வதை உலகம் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததோ வெட்கக்கேடு. 2012-ல் சிக்கனம் என்ற பெயரில் மிதவைகளைப் பராமரித்த அமெரிக்கக் கப்பல் நிறுத்தப்பட்டது. 2014-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பாதிக்கும் குறைவான தகவலே வந்தது. மறுபடி பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. மிதவையின் நிழலில் மீன் கூடும் என்பதால் படகுகள் அதில் கயிறு கட்டுகின்றன, கருவிகள் சேதமாகின்றன. புயல் வருவதைச் சொல்லி மீனவர் உயிரைக் காப்பதும் அந்த மிதவைதான் என்பதைக் கரையோரக் கிராமங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பஞ்சம் வந்த பின் கஞ்சித் தொட்டி திறக்கப் பணம் தேடும் அரசாங்கங்கள், அது வருமுன் கடலை அளக்கப் பணம் இல்லை என்று சொல்லக்கூடாது. ஏரிக் கரையைப் பழுது பார்ப்பது எப்படியோ, அப்படித்தான் மிதவையைப் பராமரிப்பதும். இரண்டையும் மழைக்கு முன்பே செய்ய வேண்டும்.