மூணு துள்ளல், பத்து நிமிடம்: விளையாட்டை நடத்துவது எது?

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில் நடப்பது வழக்கம். 2017 விதிகளின்படி வீரர் திமிலைப் பிடித்தபடி 15 மீட்டர் ஓடணும். இல்லாவிட்டால் 30 நொடியோ, காளையின் 3 துள்ளலோ தாங்கணும். இந்த எல்லைதான் அதை விளையாட்டாக்குகிறது.

வீடியோ கேமும் அப்படித்தான். பப்ஜியில் வட்டம் சுருங்கிக்கொண்டே வருவதால் ஒரே இடத்தில் பதுங்கியிருக்க முடியாது. கேமரா முதுகுக்குப் பின்னால் இருந்தால், சுவருக்குப் பின்னால் மறைஞ்சபடியே எதிரியைப் பார்க்கலாம். கேலரியில் உட்கார்ந்த மாதிரி. கண் மட்டத்தில் இருந்தால் தலையை நீட்டியே ஆகணும். வாடிவாசல் முன் நிற்கும் வீரர் மாதிரி.

ஃப்ரீ ஃபயரில் ஒரு ஆட்டம் சுமார் 10 நிமிடம். 'இன்னும் ஒரே ஒரு மேட்ச்' என்று இழுப்பதும் இந்தக் குறைந்த நேரம்தான். மேட்ச் எப்போ முடியணும்னு கேம் சொல்லும். விளையாட்டை எப்போ நிறுத்தணும்னு ஆடுபவர்தான் முன்பே முடிவு செய்யணும்.